உழைப்பும் உழைப்புச் சக்தியும்: ஒரு கலைச்சொல்லின் வரலாறு

ஒரு பண்டத்தின் மதிப்பை அதனை உருவாக்கச் செலவாகும் உழைப்பே அறுதியிடுகிறது என்னும் கருத்து மார்க்சுக்கு முற்பட்டது. ஆடம் ஸ்மித்து 1776-இலும் ரிக்கார்டோ 1817-இலும் வெளியிட்ட நூல்களில் இதனை வெவ்வேறு வகையில் விளக்கினர். ஆயினும் அக்கொள்கையில் ஓர் இடர்ப்பாடு எஞ்சியது. தொழிலாளி விற்பது உழைப்பு எனின், அவ்வுழைப்பின் மதிப்பை எதனால் அளப்பது? பத்து மணி நேர உழைப்பின் மதிப்பு பத்து மணி நேர உழைப்பே என்பது கூறியது கூறலாகும். அதற்கு முழு ஈடும் கூலியாகக் கிடைக்குமாயின், முதலாளியின் இலாபம் எங்கிருந்து தோன்றுகிறது?

இவ்வினாவுக்கான விடை ஒரு சொல் வேறுபாட்டில் அமைந்தது. 1847-இல் பிரசல்சில் ஆற்றிய சொற்பொழிவுகளை அடிப்படையாகக் கொண்டு 1849-இல் வெளியிட்ட 'கூலியுழைப்பும் மூலதனமும்' என்பதில், தொழிலாளி தன் 'உழைப்பை' விற்பதாகவே மார்க்சு எழுதினார். 1867-இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியிலோ, அவன் விற்பது 'உழைப்புச் சக்தி' என வரையறுத்தார். 1891-இல் முந்தைய நூலை மறுபதிப்புச் செய்த எங்கெல்சு, உரிய இடங்களில் இச்சொல்லைப் பெய்து, இது வெறும் சொல்லாடல் அன்று என முன்னுரையில் விளக்கினார்.

உழைப்புச் சக்தியின் மதிப்பு, தொழிலாளியும் அவன் குடும்பமும் வாழத் தேவையான பொருள்களில் அடங்கிய உழைப்பாகும். அது நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் எனக் கொள்வோம். அவன் பத்து மணி நேரம் உழைப்பின், எஞ்சிய ஆறு மணி நேரம் உபரி மதிப்பைப் படைக்கிறது. உரிய விலை கொடுத்து வாங்கியும் முதலாளி இலாபம் பெறுவது இவ்வாறே.

எனவே, ஜெர்மன் மொழியின் 'ஆர்பைட்', 'ஆர்பைட்ஸ்கிராஃப்ட்' ஆகிய இரண்டையும் 'உழைப்பு' என்றே பெயர்த்தால் கொள்கையே சிதையும். 'உழைப்புத் திறன்' என்பதும் கைத்தேர்ச்சியைச் சுட்டி மயக்கம் தரக்கூடும்; 'உழைப்புச் சக்தி' அம்மயக்கத்திற்கு இடம் தராது.

மறுபுறம், 'உழைப்புக்கேற்ற கூலி' எனும் நம் உலக வழக்கைப் பிழையென ஒதுக்குவதும் தகாது. கூலி, உழைப்பு முழுமைக்கும் உரிய விலைபோலத் தோற்றமளிப்பதை மார்க்சே எடுத்துக்காட்டினார். அத்தோற்றமே அவ்வழக்கில் பதிந்துள்ளது. எனவே, கொள்கை விளக்கத்தில் வேறுபாட்டைக் காத்தலும், மக்கள் பேச்சில் வழக்கை மாற்றாது விடுத்தலும் மொழிபெயர்ப்பாளரின் கடமை. 1849-ஆம் ஆண்டுப் பாடமா, 1891-ஆம் ஆண்டுப் பாடமா எனத் தெளிந்த பின்னரே அந்நூலை மொழிபெயர்க்கத் தொடங்குதல் வேண்டும்.