பெட்டி போனால் வாங்கலாம்



மலருக்குக் கட்டுரை கேட்டால் பெரும்பாலும் ஹாஸ்டல் நினைவுகள்தான் வரும். நான் என் தொழில் சம்பந்தமான ஒரு சரித்திரத்தை எழுதுகிறேன். நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று செத்துப்போனால் புதுசு வாங்கி மாட்டிவிடலாம். ஆனால் எந்தப் போர்ட் எந்தத் துறைக்கு, யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று பழைய பெட்டி நினைவில் வைத்திருந்ததை எல்லாம் புதுப் பெட்டிக்கு யார் சொல்லித் தருவது? இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட வயசு!

முதலில் இந்த நினைவு மனிதர்களின் தலைக்குள் இருந்தது. தொலைபேசி ஆபரேட்டருக்கு எந்தத் துளை யார் வீடு என்று மனப்பாடம். அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891-ல் தானியங்கி சுவிட்சுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் நினைவு கம்பிகளுக்குப் போயிற்று. எந்தக் கம்பி எங்கே முடிகிறதோ அதுவே கான்பிகரேஷன்.

1965-ல் நியூஜெர்ஸி மாநிலத்தின் சக்கசன்னா என்ற ஊரில் பெல் நிறுவனம் ஒன்றாம் எண் மின்னணு எக்ஸ்சேஞ்சைத் திறந்தது. இதில் சந்தாதாரர் விவரமெல்லாம் அலுமினியத் தகடுகளில் ஒட்டிய குட்டிக் காந்தங்களில் பதிந்திருந்தது. ஒரு தகட்டில் 2,816 காந்தங்கள்! புது இணைப்பு கொடுத்தால் அந்த மாற்றம் முதலில் தற்காலிக நினைவகத்தில் உட்காரும். பிறகு வசதிப்பட்ட நேரத்தில் தகடுகளை வெளியே எடுத்து, தனி இயந்திரத்தில் வைத்து எழுதித் திரும்பச் செருகுவார்கள். 'இப்போது நடப்பது' ஒரு இடம், 'நிரந்தரமாக எழுதியது' வேறு இடம். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

கம்பிகளே எரிந்துபோனால்? அதுவும் நடந்தது. 1975 பிப்ரவரி 27, நியூயார்க் இரண்டாம் அவென்யூவில் பதினோரு மாடி எக்ஸ்சேஞ்சின் அடித்தளக் கேபிள் அறையில் தீப்பிடித்தது. சுமார் 1,70,000 தொலைபேசிகள் ஊமையாயின. மருத்துவமனைகள், பள்ளிகள், போலீஸ் நிலையம் எதுவும் தப்பவில்லை. தெருக் கேபிள்கள் வந்து சேரும் பிரதான இணைப்புச் சட்டமே கருகிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் இரவு பகலாக உழைத்து, மூன்று வாரத்துக்குச் சற்று மேலான நாட்களில் சேவையை மீட்டார்கள். எரியும் கேபிள் புகையைச் சுவாசித்த தீயணைப்பு வீரர்கள் பலருக்குப் பின்னாளில் புற்றுநோய் வந்ததையும் மறக்கக்கூடாது. புதுச் சட்டம் தொழிற்சாலையிலிருந்து வந்துவிடும். எந்த ஜோடிக் கம்பி எந்த எண்ணுக்கு என்பது தொழிற்சாலைக்குத் தெரியாதே! அந்தப் பதிவு இல்லாவிட்டால் ஒரு கம்பியைக்கூடச் சரியான இடத்தில் சேர்க்க முடியாது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1990-ல் நம்ம ஊர்ப் பெயர் கொண்ட கல்பனா என்ற அமெரிக்கக் கம்பெனி ஈதர்நெட் சுவிட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1994-ல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. சிஸ்கோ பெட்டிகளிலும் அதே பழைய இரண்டு இடங்கள்தான். ஓடிக்கொண்டிருக்கும் கான்பிகரேஷன் ராமில், அடுத்த முறை எழும்போது படிக்க வேண்டியது கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில். 'ரைட் மெமரி' என்று கட்டளை கொடுத்தால் முதலாவது இரண்டாவதில் எழுதப்படும். ஆனால் இரண்டும் ஒரே பெட்டிக்குள்! பெட்டி போனால் இரண்டும் போச்சு. ஆகவே மூன்றாவது பிரதி வெளியே வேண்டும். அதற்குக் கைகொடுத்தது 1981-ல் வரையறுக்கப்பட்ட டி.எஃப்.டி.பி. என்ற எளிய முறை. பாஸ்வேர்டுகூடக் கேட்காது, ஃபைலைக் கொடுக்கும், வாங்கும், அவ்வளவுதான். 1990-களின் பிற்பகுதியில் ரான்சிட் என்ற இலவச மென்பொருள் வந்தது. அதை ஏற்பாடு செய்துவிட்டால் தானே ஒவ்வொரு சுவிட்சிலும் நுழைந்து, கான்பிகரேஷனை எடுத்து, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று மெயில் அனுப்பும்.

பிரதி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. எழுத்து வடிவக் கான்பிகரேஷனில் வராத சங்கதிகள் உண்டு. பல சிஸ்கோ சுவிட்சுகளில் வி-லான் பட்டியல் தனி ஃபைலாக ஃபிளாஷில் இருக்கும். எஸ்.எஸ்.எச். ரகசியச் சாவியும் பிரதியில் வராது, புதிதாக உண்டாக்க வேண்டும். மாடல் மாறினால் போர்ட்டின் பெயரே மாறிவிடும். எல்லாவற்றுக்கும் மேல் வி.டி.பி. என்ற வசதியில் ஒரு கண்ணி இருக்கிறது. சுவிட்சுகள் வி-லான் பட்டியலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும்போது, யாரிடம் திருத்த எண் அதிகமோ அவர் சொல்வதே வேதம். வேறெங்கோ ஓடிய பழைய சுவிட்சை அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால், டொமைன் பெயரும் ஒன்றாக இருந்து, எண்ணும் அதிகமாக இருந்தால், வளாகம் முழுவதற்குமான பட்டியலை அது அழித்துவிடலாம். ஒன்றைச் சரிசெய்யப் போய் ஊரே படுத்துவிடும்! மாட்டும் முன் டொமைன் பெயரை மாற்றி மறுபடி பழையபடி வைத்தால் எண் பூஜ்யமாகிவிடும்.

நான் போய்ப் பார்த்த ஓர் அலுவலகத்தில் மாற்று சுவிட்ச் சீல்கூடப் பிரிக்காமல் தயாராக இருந்தது. பழையதன் கான்பிகரேஷன் எங்கேயும் இல்லை. அமைத்தவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷம். நாற்பத்தெட்டு வயர்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்து, "சார், உங்க பிரிண்டர் வேலை செய்யுதா?" என்று கேட்டே ஒரு முழு நாள் போயிற்று. சம்பளம் போட வேண்டிய தினம் அது. கணக்குப் பிரிவுக்காரர்களின் முகத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. நாளைக்கு உங்கள் கையில் ஒரு நெட்வொர்க் வரும்போது, பிரதியை வேறு கட்டிடத்தில் வையுங்கள். வயர்களைக் கழற்றும் முன் லேபிள் ஒட்டுங்கள். ஒரு விடுமுறை நாளில், பழுதே ஆகாத சுவிட்ச் ஒன்றின் பிரதியை மாற்றுப் பெட்டியில் ஏற்றி, நிஜமாகவே எழுந்து நிற்கிறதா என்று பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பிரதியை நம்ப முடியாது. உங்களுக்குப் பின் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர் நம் கல்லூரிப் பிள்ளையாகவே இருக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் தேடும்போது உங்கள் பிரதி கிடைக்கட்டும்.