அடிக்குறிப்புக்கு ஒரு வவுச்சர்

போன மாதம் ஒரு நாள், ராத்திரி பன்னிரண்டு தாண்டியும் எங்கள் கே.கே. நகர் வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது. பேத்திதான். "பரீட்சையாம்மா?" என்றேன். "இல்ல தாத்தா, அடிக்குறிப்பு. நூற்றுப் பதினாலு" என்றாள். சட்ட மாணவர்களே நடத்தும் சர்வதேசச் சட்ட இதழ் ஒன்றில் அவள் ஆசிரியர் குழுவில் இருக்கிறாள். சம்பளம் கிடையாது.

பேராசிரியர் எழுதியதை இருபது வயதுப் பெண் திருத்துவதா? எனக்கு ஒப்பவில்லை. அமெரிக்காவில் 1887-ல் ஹார்வர்டு மாணவர்கள் 'லா ரெவ்யூ' தொடங்கிய நாளிலிருந்தே இதுதான் வழக்கம் என்றாள். கட்டுரையைத் தேர்ந்தெடுப்பதும் மாணவர்கள்தான். வெர்ஜீனியா மாணவர்கள் 1960-ல் சர்வதேசச் சட்டத்துக்கென்றே ஓர் இதழ் ஆரம்பித்தார்கள். நம் ஜோத்பூர் மாணவர்கள் 2009-ல் உலக வணிகச் சட்டத்துக்கு ஒன்று.

சென்னையில் வேறு வழி. போலந்துக்காரரான சி.எச். அலெக்ஸாண்ட்ரோவிச் 1951-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். மறு வருஷமே சர்வதேச விவகாரங்களுக்கான இந்திய ஆண்டு நூல் அங்கிருந்து வெளிவந்தது. அது பேராசிரியர்கள் நடத்தியது. அவர் சொன்ன விஷயம் பெரியது. பதினாறாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியர் ஆசிய அரசர்களோடு சமமாக நின்றே ஒப்பந்தம் போட்டார்கள். அந்தத் தகுதி நமக்கு இல்லை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர்கள் பிற்பாடு கிளப்பிய கதை. இதைப் பழைய ஒப்பந்தங்களைப் புரட்டியே காட்டினார். 1967-ல் புத்தகமாகவும் வந்தது.

பேத்தியின் தகராறு இங்கேதான். கட்டுரை எழுதியவர், ஆசிய அரசர்களுக்குத் தகுதி இல்லை என்று சொன்னதே அலெக்ஸாண்ட்ரோவிச்தான் என்று அடிக்குறிப்பு போட்டிருந்தார். பக்கத்தை எடுத்துப் பார்த்தால், அவர் மறுப்பதற்காக எடுத்துச் சொன்ன பிறர் கருத்து அது! அப்படியே அச்சேறியிருந்தால் அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் எழுதியிருப்பார்கள்.

பொன்மலையில் ரயில்வே கணக்குப் பிரிவில் 34 வருஷம் குப்பை கொட்டியவன் நான். வவுச்சர் இல்லாத செலவைப் பெரிய அதிகாரியே எழுதினாலும் கேட்டாக வேண்டும். கேட்கும்போது வயிறு கலங்கும், அது வேறு. அவளும் மூன்று தடவை அடித்துத் திருத்தித்தான் கடிதம் அனுப்பினாள். பதினோரு நாள் பதில் இல்லை. பிறகு ஒரே வரி: "சரிதான், மாற்றிவிடுங்கள்." நன்றி கூட இல்லை.

இப்போது மாடியில் எனக்கும் ஒரு நாற்காலி. அவள் மூலத்தை வாசிக்கிறாள், நான் புரூஃபை ஒத்துப் பார்க்கிறேன். நேற்று நூற்று அறுபத்தி இரண்டில் நிறுத்தினோம்.