தலைமையைத் தடுக்காத இணக்கத் திட்டங்கள்

பெருநிறுவனங்களின் நெறிமுறை, இணக்கத் திட்டங்களை மதிப்பிடுவோர் பயிற்சி முடித்த ஊழியர்களின் விழுக்காட்டையும், கையொப்பமிடப்பட்ட நடத்தை விதிகளையும், வந்துசேர்ந்த புகார்களையும் எண்ணுகிறார்கள். இவை பெரும்பாலும் கீழ்நிலையில் இருப்போரைப் பற்றிய கணக்குகள். தலைமையில் இருப்பவரே தவறு செய்யத் துணிந்தால் அவரைத் தடுக்கும் அதிகாரம் திட்டத்துக்கு உண்டா என்பதே உண்மையான சோதனை. அந்த அதிகாரம் இல்லாத திட்டம், குற்றத்தைத் தடுக்காமல் குற்றத்துக்குப் பிறகு நிறுவனத்தைக் காக்கவே உதவும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

இந்தச் சிக்கல் சட்டத்துக்குத் தெரியாததல்ல. 1991 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கத் தண்டனை வழிகாட்டு நெறிகள், பயனுள்ள இணக்கத் திட்டம் வைத்திருந்த நிறுவனத்துக்கு அபராதத்தைக் குறைத்தன. உயர்நிலை அலுவலர் பங்கெடுத்த குற்றத்துக்கு அச்சலுகையை மறுத்தன. 2010இல் இந்த மறுப்பு தளர்த்தப்பட்டது. ஆனால் இணக்கப் பொறுப்பாளருக்கு இயக்குநர் குழுவிடம் நேரடியாக அறிக்கையளிக்கும் பொறுப்பு இருக்க வேண்டும், அவர் குற்றத்தில் பங்கெடுத்திருக்கக் கூடாது என்பவை நிபந்தனைகளில் சேர்ந்தன. இதற்கிடையே என்ரான் வீழ்ந்திருந்தது. 64 பக்க நெறிமுறை ஏடு வைத்திருந்த அந்நிறுவனத்தில், நிதித் தலைவர் தாமே நடத்திய கூட்டு நிறுவனங்களோடு என்ரான் வணிகம் செய்ய வழிவிட்டு, 1999இல் இயக்குநர் குழுவே நடத்தை விதியிலிருந்து அவருக்கு விலக்கு அளித்தது. 2001 டிசம்பரில் என்ரான் திவாலானது.

நமக்கு அருகிலுள்ள சான்று அமெரிக்கத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமான காக்னிசன்ட்டின் வழக்கு. சென்னையில் 27 லட்சம் சதுர அடி வளாகம் கட்டத் திட்ட அனுமதி பெறுவதற்காக, தமிழ்நாட்டு அரசின் மூத்த அலுவலர் ஒருவர் 2014இல் கட்டுமான ஒப்பந்த நிறுவனத்திடம் 20 லட்சம் டாலர் லஞ்சம் கேட்டார் என்று அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் குற்றஞ்சாட்டியது. அதைக் கொடுக்க அனுமதித்ததாகச் சொல்லப்பட்டவர்கள் காக்னிசன்ட்டின் தலைவரும் தலைமைச் சட்ட அலுவலருமே. லஞ்சத் தொகை கட்டுமானச் செலவுக் கணக்கில் மறைக்கப்பட்டது என்பதும் குற்றச்சாட்டு. சட்டத்தைக் காக்க வேண்டிய இருக்கையிலிருந்தே ஒப்புதல் வந்ததென்றால், கீழே எத்தனை பயிற்சி வகுப்புகள் நடந்திருந்தாலும் என்ன பயன்?

2019 பிப்ரவரியில், ஒரே வாரத்தில், இரண்டு முடிவுகள் வெளிவந்தன. ஆணையம் உள்கணக்குக் கட்டுப்பாடுகள் போதாதவை என்று கண்டது, நிறுவனம் 2.5 கோடி டாலர் செலுத்தியது. அமெரிக்க நீதி அமைச்சகமோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரவில்லை. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, நிறுவனத்தில் முன்பே இருந்த இணக்கத் திட்டத்தின் பயனுறுதி! இயக்குநர் குழுவுக்குத் தெரிந்த இரண்டு வாரங்களுக்குள் நிறுவனம் தானாக முன்வந்து தகவல் தந்ததையும் அமைச்சகம் பாராட்டியது. அந்த நேர்மைக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2014இல் நடந்ததாகச் சொல்லப்படும் செயல் 2016இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் திட்டம் எதைத் தடுத்தது என்ற கேள்விக்கு அந்தப் பாராட்டில் விடை இல்லை. அவ்விரு அலுவலர்களும் குற்றச்சாட்டை மறுத்தனர். வெளிநாட்டு லஞ்சத் தடைச் சட்டத்தின் அமலாக்கத்தை நிறுத்திவைக்கும் அதிபர் ஆணை 2025 பிப்ரவரியில் வந்தது; ஏப்ரலில் அமைச்சகமே கேட்டுக்கொண்டபடி அவ்விருவர் மீதான குற்றவியல் வழக்கு தள்ளுபடியானது. அந்த வழக்கில் நீதிமன்றம் உண்மையை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லும் வாய்ப்பு அத்தோடு போயிற்று. வெளியிலிருந்து வரும் அச்சம் இவ்வாறு தளரும்போது, உள்ளிருக்கும் கட்டுப்பாட்டின் சுமை இன்னும் கூடுகிறது.

இந்தியாவில் நிலைமை என்ன? 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 177ஆம் பிரிவு, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் முறைகேட்டைச் சுட்டிக்காட்டும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. உரிய நேர்வுகளில் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகவும் வழிசெய்தது. நல்ல விதிதான். ஆனால் பேசியவரின் வேலைக்கு உத்தரவாதம் அந்தந்த நிறுவனம் தானே வகுக்கும் ஏற்பாட்டிலேயே அடங்கிவிடுகிறது. 2014ஆம் ஆண்டு முறைகேடு வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டமோ அரசு ஊழியர் மீதான புகார்களுக்கே உரியது. அதுவும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் கிடக்கிறது. தனியார் நிறுவனத்தில் தன் மேலதிகாரிக்கு எதிராகப் பேசும் கணக்காளருக்குத் தனிச்சட்டத்தின் துணை இல்லை.

பின்பற்றத்தக்க முன்மாதிரி வங்கித்துறையில் இருக்கிறது. 2020 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் தலைமை இணக்க அலுவலருக்குக் குறைந்தது 3 ஆண்டுப் பதவிக்காலம் உண்டு. இயக்குநர் குழுவின் முன்னனுமதியின்றி அவரை இடையில் அகற்ற முடியாது. வணிகப் பிரிவுகளுக்கு அவர் கீழ்ப்பட்டவரல்லர்; முரண்படும் வேறு பொறுப்பையும் அவர்மேல் ஏற்றக் கூடாது. தலைமைச் செயல் அலுவலரிடம் ‘முடியாது’ என்று சொன்ன மறுநாளும் அவர் வேலையில் இருப்பதற்கு இவை ஓரளவேனும் உறுதி தருகின்றன.

இந்தப் பாதுகாப்பு வங்கிகளோடு நிற்க நியாயமில்லை. பட்டியலிடப்பட்ட பெருநிறுவனங்கள் அனைத்துக்கும் செபி இதை விரிவாக்க வேண்டும்; இணக்க அலுவலரின் நியமனம், ஊதியம், நீக்கம் மூன்றையும் சுயேச்சை இயக்குநர்கள் அடங்கிய தணிக்கைக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அதோடு, தனியார் ஊழியரையும் காக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும்.