வீட்டு விலையை எந்தக் கோலால் அளப்பது?

வீட்டு விலை அதிகமா என்று காப்பிக் கடையில் கேட்டுப் பாருங்கள். வாங்கப் போகிறவர் "கட்டுப்படியாகாது" என்பார். விற்கப் போகிறவர் "இந்த விலை போதாது" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை, ஆளுக்கொரு கோலால் அளக்கிறார்கள். சிங்கப்பூரில் அந்த அளவுகோலே ஒரு சமயம் மாறிப் போனது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

1960ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டபோது, வாடகை வீடுகள் கட்டுவதே அதன் முக்கிய வேலை. வீடுகளை விற்கும் திட்டம் 1964ஆம் ஆண்டில் குவீன்ஸ்டவுனில் தொடங்கியது. ஈரறை வீடு 4,900 வெள்ளி, மூவறை வீடு 6,200 வெள்ளி. இன்று கேட்டால் கனவு போல இருக்கிறது. ஆனால் மாதம் 150 வெள்ளி சம்பாதித்த ஒரு தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அந்த மூவறை வீடு ஏறக்குறைய மூன்றரை ஆண்டுச் சம்பளம். வீட்டு விலை ஆண்டு வருமானத்தைப் போல 3 மடங்குக்குள் இருந்தால் கட்டுப்படியாகும் என்பது உலகில் பலரும் கையாளும் கணக்கு. அந்தக் கணக்குப்படி அன்றைய வீடும் அவருக்கு மலிவல்ல. அதைவிடப் பெரிய தடை, முன்பணமாக 20 விழுக்காட்டை ரொக்கமாக வைக்க வேண்டியிருந்ததுதான். 1,240 வெள்ளி என்றால் எட்டு மாதச் சம்பளம்! யாரிடம் இருந்தது?

1968ஆம் ஆண்டில் இதற்கு வழி பிறந்தது. முன்பணத்துக்கும் மாதத் தவணைக்கும் மத்திய சேமநிதியைப் பயன்படுத்த அரசாங்கம் அனுமதித்தது. வீடு வாங்குவோர் பெருகினர். அதோடு கேள்வியும் மாறியது. "விலை எத்தனை ஆண்டுச் சம்பளம்?" என்று கேட்டவர்கள், "சேமநிதியிலேயே தவணை கட்டிவிடலாமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். 1984ஆம் ஆண்டில் முதலாளி 25, தொழிலாளி 25 என்று சம்பளத்தில் 50 விழுக்காடு சேமநிதிக்குப் போனது. கைக்காசு ஒரு வெள்ளிகூடப் போகவில்லை என்று பெருமையாகச் சொன்ன பெரியவர்களை நானே பார்த்திருக்கிறேன். போனது அவர்களுடைய ஓய்வுக்கால அரிசிப் பணம்.

மாதத் தவணையை மட்டும் பார்ப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2.6 விழுக்காடு வட்டியில் மாதம் 1,000 வெள்ளி கட்டினால், 15 ஆண்டுத் தவணைக்குச் சுமார் 149,000 வெள்ளி கடன் கிடைக்கும். அதையே 25 ஆண்டாக நீட்டினால் சுமார் 220,000 வெள்ளி. வருமானம் ஏறவில்லை, தவணையும் ஏறவில்லை, ஆனால் விலை ஏற இடம் வந்துவிட்டது. 2013ஆம் ஆண்டில் கழகம் தன் கடனின் உச்சக் காலத்தை 30 ஆண்டிலிருந்து 25 ஆகக் குறைத்தது. தவணை மாத வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றும் அதே ஆண்டில் வரம்பு வந்தது.

அந்நாளைய மலிவு விலைக்குப் பின்னால் நிலம் இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் அரசாங்கத்துக்குக் குறைந்த விலையில் நிலம் கிடைக்கச் செய்தது. அந்த மலிவுக்கு விலை கொடுத்தவர்கள் நில உரிமையாளர்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2012ஆம் ஆண்டில், 6,200 வெள்ளி வீடு விற்ற அதே குவீன்ஸ்டவுனில், மறுவிற்பனை வீடொன்று பத்து லட்சம் வெள்ளிக்குக் கைமாறியது. அது பெரிய வீடு, ஒப்பிடுவது முழு நியாயமல்லதான். ஆனால் இரண்டும் 99 ஆண்டுக் குத்தகை. வாங்குபவர் பெறுவது எஞ்சிய ஆண்டுகளை மட்டுமே. விலைக்கும் வருமானத்துக்கும் உள்ள விகிதம் அந்த ஆண்டுகளை எண்ணுவதில்லை.

நம்மவர்களைத் தொடும் ஒரு கணக்கும் அந்த விகிதத்தில் வராது. 1989ஆம் ஆண்டு முதல் புளோக்குக்கும் பேட்டைக்கும் இன வரம்பு உண்டு. எல்லா இனத்தவரும் கலந்து வாழ வேண்டும் என்ற நல்ல நோக்கம் அது. ஆனால் புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டால், அங்குள்ள இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் குறைந்தால் விலையும் குறையும். வாங்கும்போது இந்தக் கழிவு கிடைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. 2022ஆம் ஆண்டில்தான், இப்படி விற்க முடியாமல் உண்மையாகவே தவிப்போரின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கும் ஏற்பாடு வந்தது.