நெய்தல் அலரும் சிம்மளநாதனும்

பிறர் சொற்கேட்டு மனைவியை ஐயுறுதலும், ஐயம் நீங்கியபின் பொறைகொண்டு கூடுதலும் உலக நாடக இலக்கியத்தின் பழம்பொருள்களுள் ஒன்றாகும். சேக்சுபியரின் ‘சிம்பலைன்’ இப்பொருள்மேல் எழுந்தது. அதனைப் பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) ‘சிம்மளநாதன்’ எனத் தமிழ் மேடைக்கு உரியதாக்கினார். இப்பொருள் தமிழ் மரபிற்கு அயலானதா என்பதையும், இதனை மேடையேற்றுவார் எதனை நடுவாகக் கொள்ளல் வேண்டும் என்பதையும் பழவேற்காட்டு நெய்தல் நிலத்தை உரைகல்லாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பழவேற்காட்டைத் தேர்ந்தமைக்குக் காரணம் இரண்டு. முதலாவது காலம். 1610-இல் ஒல்லாந்தர் விசயநகர வேந்தரின் இசைவு பெற்று அவ்வூரில் வாணிகம் தொடங்கினர். 1613-இல் அவர்தம் கெல்திரியாக் கோட்டை எழுந்தது. ‘சிம்பலைன்’ இயற்றப்பட்டதும் அதனையொட்டிய காலத்தேதான்; 1611-இல் மறைந்த சைமன் பார்மன் என்பார் அந்நாடகத்தைக் கண்டமை பற்றி எழுதிவைத்துள்ளார். 1623-ஆம் ஆண்டின் முதற் பெருந்தொகுப்பு, பந்தயக் காட்சியில் ஓர் ஒல்லாந்தனும் நிற்பதாகக் குறிக்கின்றது. அவன் வாய் திறப்பதில்லை. பல நாட்டார் கூடியிருக்கும் உரோமாபுரி வீட்டில், போத்துமசு தன் மனைவி இமொசெனின் நன்னெறியைப் பணயமாக்கி மோதிரத்தை வைக்கின்றான். இயாக்கிமோ பொன்னை வைக்கின்றான். பெண்ணொருத்தியின் நற்பெயர் பண்டம்போல் விலைபேசப்படுகையில் சூழ்ந்தோர் வாளா இருந்தனர் என்பதற்கு அவ்வொல்லாந்தனின் மௌனமே சான்றாகின்றது.

இரண்டாவது காரணம் நிலம். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்கள் நெய்தலின் இன்றைய வடிவம். மறைவாக முணுமுணுக்கப்படுவது அம்பல், ஊரறியப் பரவுவது அலர் எனப் பழந்தமிழர் பகுத்தனர். சங்க அகப்பாடல்களில் அலர் பெரும்பாலும் களவுக் காலத்தது. அது காதலரைப் பிரிப்பதன்று, வரைவை விரைவுபடுத்துவது. மணத்திற்கும் ஊர்ச் சொல்லுக்குமுள்ள இத்தொடர்பு குப்பங்களின் வாழ்வில் இன்றும் காணத்தக்கது. ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ என்னும் வழக்கில், மணம் முடித்த ஆடவனே தலைக்கட்டாக எண்ணப்பட்டுப் பங்கு பெறுவான். எனவே குடும்பப் பூசல் இருவர்க்குள் அடங்குவதில்லை. ஊர்ப் பஞ்சாயத்தின் முன் வருவதாகின்றது. பழியும் பொறையும் அவையறிய நிகழ்வன.

எனினும் ஒரு வேற்றுமை உண்டு. அகப்பாடல்களில் அலர் தூற்றுவார் ஊர்ப் பெண்டிர். தலைவன் தலைவியை ஐயுறுவதில்லை. ‘சிம்பலைனி’லோ ஐயுறுவோன் கணவனே. இதற்கு நிகரானதைத் தமிழில் தேடின், அதுவும் கடற்கரையிலேயே கிடைக்கின்றது. சிலப்பதிகாரக் கானல்வரியில் மாதவியின் பாட்டைப் பிறன்மேல் வைத்ததாகக் கருதிக் கோவலன் பிரிகின்றான். புறஞ்சேரியில் அவள் ஓலையைக் கண்டபின், தவறு தன்னுடையதே என உணர்கின்றான். கண்ணகியோ அதற்கு முன்பே, ஒரு கடுஞ்சொல்லும் இன்றி, சிலம்பை எடுத்து நீட்டிவிட்டாள்.

ஒப்புமை இவ்வளவில் நில்லாது. இரண்டிலும் அணிகலனே பொய்ச்சான்று ஆகின்றது. பெட்டிக்குள் ஒளிந்து பள்ளியறை புகுந்த இயாக்கிமோ, துயிலும் இமொசெனின் கைவளையைக் கவர்ந்து சென்று காட்டுகின்றான், கணவன் நம்பிவிடுகின்றான். மதுரையில் ஒரு சிலம்பு கோவலனைக் கள்வனாக்குகின்றது. இரண்டிலும் அரசவையில் அணிகலன் வழியாகவே உண்மை வெளிப்படுகின்றது. இமொசென் இயாக்கிமோவின் விரலிலுள்ள மோதிரத்தின் வரலாற்றை வினவுகின்றாள். அவன் குற்றத்தை ஒப்புகின்றான். கண்ணகியின் வினாவோ கொலை நிகழ்ந்தபின் எழுகின்றது. அவை செவிசாய்க்குங் காலமே அவலத்தையும் இன்ப முடிவையும் பிரிக்கும் எல்லை. முதற் பெருந்தொகுப்பினர் ‘சிம்பலைனை’ அவல நாடகங்களின் இறுதியில் வைத்ததும், பின்னையோர் அதனை அவ்வினத்தினின்று பிரித்ததும் இவ்வெல்லையின் நுண்மையைக் காட்டுவனவாம்.

இனி, மேடை வரலாற்றை நோக்குவோம். சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தோன்றிய சுகுண விலாச சபையின் உயிர்நாடியாய் விளங்கியவர். ஆம்லெத்தை அமலாதித்யனாகவும், மாக்பெத்தை மகபதியாகவும், சிம்பலைனைச் சிம்மளநாதனாகவும் அவர் ஒலியொப்புமை பிறழாது அமைத்தார். அச்சபையில் ஆடவரே பெண்வேடம் பூண்டனர். சேக்சுபியர் காலத்து இலண்டனிலும், தொண்டைநாட்டுத் தெருக்கூத்திலும் அதுவே முறை. ஆகவே இமொசென் ஆணுடையில் மறையும் பகுதி, பெண்ணாக நடிக்கும் ஆடவன் மீண்டும் ஆணாக நடிக்கும் இரட்டை வேடமாகின்றது. தெருக்கூத்தில் பழகிய கண்களுக்கு இது புதிதன்று.

ஆயின் மேடையேற்றுவார் நெஞ்சிற் கொள்ளத்தக்க நுட்பம் வேறொன்று. மனைவி குற்றமற்றவள் என்று அறிந்தபின் வருந்துதல் எளிது. சேக்சுபியரின் மற்றொரு நாடகத்தில் கிளாடியோ அவ்வாறே வருந்துகின்றான். போத்துமசோ, அவள் தவறினாள் என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே, அவளைக் கொல்ல ஏவியதற்காக நைந்துருகுகின்றான். பெண்ணின் தூய்மை மெய்ப்பிக்கப்படுதல் ஒன்றையே முடிவாக நடித்துக்காட்டின், பந்தயத்தில் வென்றவன் கணவன் என்றாகிவிடும். பந்தயம் வைத்த குற்றம் மறைந்துபோம். இறுதிக் காட்சியில் அவளை இன்னாளென அறியாது அடித்தபின்னரும் தழுவிக்கொள்பவள் இமொசென். பொறுக்கப்படுவோன் கணவன், பொறுப்பவள் மனைவி.

இதனாற் பெறப்படுவது யாதெனின், ‘சிம்மளநாதன்’ தமிழ் மேடைக்கு வந்த விருந்தாயினும், அதன் உட்பொருள் நம் நெய்தற் கரையில் முன்னரே வேரூன்றியது என்பதாம். கற்பினைச் சோதிக்கும் கதையாக அன்றி, சோதித்தவனைப் பொறுத்தருளும் கதையாக அதனை நடிப்பதே மூலத்திற்கும் தமிழ் மரபிற்கும் ஒருங்கே இயைவதாகும் எனத் துணிகின்றோம்.