சி-எதிர்வினைப் புரதமும் ஆய்வுக்கூட விலங்குகளும்

1930ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவன மருத்துவமனையில் வில்லியம் டில்லட், தாமஸ் பிரான்சிஸ் ஆகிய இருவரும் நிமோனியா நோயாளிகளின் குருதியில் கண்ட ஒரு வினை, அக்கால நோயெதிர்ப்பியல் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியாவின் மேலுறை வகைக்கு வகை வேறுபடினும், எல்லா வகைக்கும் பொதுவான 'சி' என்னும் பல்சர்க்கரை ஒன்று அதன் உடலுக்குள் உண்டு. நோயாளியின் சீரத்தோடு, அதாவது உறைந்த குருதியிலிருந்து பிரியும் தெளிந்த நீரோடு, அப்பொருளைக் கலந்தபோது வீழ்படிவு தோன்றியது. எதிர்ப்பொருளாக இருந்திருந்தால் அது நோய் தணியும் வேளையில் பெருகியிருக்க வேண்டும். இதுவோ காய்ச்சல் உச்சத்தில் இருந்த நாட்களில் மட்டும் காணப்பட்டு, நோயாளி தேறியதும் மறைந்தது. நியூமோகாக்கஸோடு தொடர்பே இல்லாத ரூமாட்டிக் காய்ச்சலிலும் அது தென்பட்டது.

இதற்குக் காரணமானது ஒரு புரதம் என்பதும், வினை நிகழக் கால்சியம் வேண்டும் என்பதும் 1941இல் ஓஸ்வால்ட் ஏவரி, தியோடர் அபர்னதி, காலின் மக்லவுட் ஆகியோரின் கட்டுரைகளால் தெளிவாயின. சி-எதிர்வினைப் புரதம் என்னும் பெயரும், நோயின் தொடக்க வேகத்தைக் குறிக்கும் 'கடுநிலை' என்னும் கருத்தும் அவற்றின் வழியே நிலைபெற்றன. ஏவரியும் மக்லவுடும் மக்லின் மக்கார்ட்டியுடன் சேர்ந்து 1944இல் மரபுப் பண்பைக் கடத்துவது டிஎன்ஏ என்று காட்டியதால், அப்பெரும் புகழின் நிழலில் இப்பணி பலர் கண்ணில் படாமல் போனது. 1947இல் அப்புரதத்தைப் படிகமாக்கியவரும் மக்கார்ட்டியே.

இந்த வரலாற்றில் முயலுக்கு இரண்டு வேடங்கள் வாய்த்தன. தூய்மையாக்கிய மனிதப் புரதத்தை முயலுக்குச் செலுத்தினால், அதன் உடல் அதற்கெதிரான எதிர்ப்பொருளை உண்டாக்கியது. அந்தச் சீரமே நோயாளியின் குருதியில் சிறிதளவு புரதத்தையும் கண்டுபிடிக்கும் கருவியாயிற்று. ஆனால் நோயுற்ற முயலின் சொந்தக் குருதி 'சி' பல்சர்க்கரையோடு வீழ்படிவு தராததால், முயலிடம் அத்தகைய புரதம் இல்லை என்று முடிவு கட்டுவது எளிதாக இருந்தது. பிழை முயலிடம் இல்லை, சோதனைப் பொருளில்தான் இருந்தது: 1951இல் மக்கார்ட்டியும் அவருடைய உடன் ஆய்வாளர் ஆண்டர்சனும், சற்று வேறான பல்சர்க்கரைப் பகுதியொன்றைப் பயன்படுத்தி, மனிதப் புரதத்துக்கு இணையான ஒன்று முயலிலும் நோயின்போது எழுவதைக் காட்டினர்.

அதன்பின் முயல் ஆய்வின் மையமாயிற்று. டர்பன்டைன் எண்ணெயைத் தசையில் ஏற்றி, பாக்டீரியா ஏதுமின்றியே அழற்சியை மூட்டினாலும் அப்புரதம் பெருகியதால், உடல் கிருமியின் அடையாளத்துக்கு அன்றித் திசுவின் சேதத்துக்கே இவ்வாறு மறுமொழி தருகிறது என்பது உறுதியாயிற்று. அதை உண்டாக்குவது கல்லீரல் என்று 1966இல் வெளியான ஆய்வு நிறுவ, கல்லீரல் செல்களிலேயே அது உருவாவதை 1978இல் குஷ்னரும் ஃபெல்ட்மனும் முயலில் காட்டினர்.

எலி வகைகளே இக்கணக்கைக் குழப்பின. மனிதரிடம் ஆயிரம் மடங்குவரை உயரக்கூடிய இப்புரதம், ஆய்வுக்கூடங்களில் மிகுதியாக வளர்க்கப்படும் சுண்டெலியிடம் தொற்றின்போதும் பெரிதாக உயர்வதில்லை. அதன் இடத்தில் சீரம் அமிலாய்டு பி என்னும் உறவுப் புரதம் பெருகுகிறது. பெரிய வெள்ளெலியிடமோ உடல் நலமாக இருக்கும்போதே லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் அளவில் அது குருதியில் ஓடுகிறது. மனிதரிடம் அவ்வளவு காணப்பட்டால் கடுந்தொற்று என்று மருத்துவர் ஐயுறுவார். ஒரு விலங்கில் கண்டதை மற்றொன்றுக்கு அப்படியே ஏற்றிச் சொல்லும் வழக்கத்துக்கு இப்புரதம் இடம் கொடுக்கவே இல்லை.

எனினும் சுண்டெலியின் இக்குறையே பின்னர் ஆய்வுக்கு உதவியது. சி-எதிர்வினைப் புரதம் பற்றிக்கொள்வது பல்சர்க்கரையிலுள்ள பாஸ்போகோலின் என்னும் சிறு பகுதியையே என்று வொலனாகிஸும் காப்லனும் 1971இல் கண்டறிந்திருந்தனர். ஆனால் அப்பிடிப்பு நோயாளிக்கு உண்மையில் நன்மை செய்கிறதா என்பதை, தானே அப்புரதத்தை ஏராளமாக உண்டாக்கும் விலங்கில் பிரித்தறிவது கடினம். 1981இல் மனிதப் புரதத்தைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி நியூமோகாக்கஸால் தொற்றுண்டாக்கிய மோல்டும் அவர் குழுவினரும், அப்புரதம் பெற்ற எலிகள் பெறாதவற்றைவிட மிகுதியாகப் பிழைத்ததைக் கண்டனர்.