இபாக்கில் பிறந்த கத்தி திரும்ப இபாக் போக வேண்டுமா?

என்னிடம் உள்ள பேனாக்கத்தியின் பெரிய அலகை விரித்து, அது கீலோடு சேரும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தயாரித்தவர் பெயரும் 72 என்ற எண்ணும் தெரியும். 1972-இல் செய்த சுவிஸ் படைவீரர் கத்தி அது. அலகின் நுனி நெல்மணி அளவுக்கு உடைந்திருக்கிறது. குத்தூசியை விரித்தால் பக்கவாட்டில் ஆட்டம் இருக்கிறது. இதைப் பழுதுபார்க்க இபாக் தொழிற்சாலைக்கு அனுப்பலாமா, இப்படியே வைத்துக்கொள்ளலாமா? கத்தி வந்த வழியைப் பார்த்துத்தான் இதற்கு விடை சொல்ல முடியும்.

1884-இல் கார்ல் எல்செனர் ஷ்வீஸ் மாநிலத்து இபாக்கில் கத்திப் பட்டறை வைத்தார். 1889-இல் சுவிஸ் ராணுவம் புதிய துப்பாக்கி ஒன்றை ஏற்றது. அதைக் கழற்றிப் பூட்டத் திருப்புளி வேண்டும். சாப்பாட்டு டின்னைத் திறக்கவும் ஏதாவது வேண்டும். இரண்டுக்கும் பயன்படும்படி ஒரு மடக்குக்கத்தியை ராணுவம் முடிவு செய்தது. முதல் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வந்தன. 1891 முடிவதற்குள் எல்செனர் அந்த வேலையைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். 1909-இல் அவர் தாயார் விக்டோரியா காலமானார். அவர் பெயரே நிறுவனத்தின் முத்திரையானது. 1921-இல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' அதோடு சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆயிற்று.

முதல் ராணுவக் கத்திக்குக் கருநிற மரப்பிடி. எடை 144 கிராம். என்னுடையது 1961-ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்தது. நீளம் 93 மில்லிமீட்டர், எடை அதில் பாதி, 72 கிராம். சொரசொரப்பாகக் கட்டம் போட்ட அலுமினியப் பிடி, ஈரக்கையிலும் வழுக்காது. உள்ளே நான்கே கருவிகள்: அலகு, டின் திறப்பான், திருப்புளியோடு சேர்ந்த பாட்டில் திறப்பான், குத்தூசி. தேவைக்கு மேல் ஒன்றும் கிடையாது. 2008-இல் ராணுவம் பச்சைப்பிடி போட்ட பெரிய கத்திக்கு மாறும்வரை இந்த மாதிரிதான் வீரர்களின் பையில் இருந்தது.

சுவிட்சர்லாந்தில் படைச்சேவை செய்பவர்கள் பெரும்பாலும் சாதாரணக் குடிமக்கள். பயிற்சி முடித்து வீடு திரும்பி, பிறகு குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபயிற்சிக்குப் போவார்கள். கத்தியும் அவர்களோடு வீட்டுக்கும் முகாமுக்குமாக அலையும். என் கத்தியின் பிடியில் ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. முகாமில் தன் கத்தி மாறிப்போகாதிருக்க யாரோ கீறியது. டின் திறப்பானின் முனை தேய்ந்திருக்கிறது. அலகின் விளிம்பில் ஒருபக்கமே அதிகம் தீட்டிய தடம் தெரிகிறது. நன்றாக உழைத்த பொருள். உரிமையாளரின் காலத்துக்குப் பிறகு, 'ப்ராக்கி' என்று சுவிஸில் சொல்லும் பழையபொருள் கடை ஒன்றுக்கு வந்து, அங்கிருந்து என்னிடம் வந்தது.

இப்போது பழுதுக்கு வருவோம். உடைந்த நுனிக்கு இரண்டே வழிதான். அலகைத் தேய்த்துக் குட்டையாக்கலாம். அல்லது அலகையே மாற்றலாம். இந்த மாதிரியில் பிடித்தகடுகளை ரிவிட் அடித்து இறுக்கியிருப்பார்கள். அலகைக் கழற்ற வேண்டுமென்றால் ரிவிட்டை அறுத்தாக வேண்டும். பிடித்தகடும் மாறிப்போக வாய்ப்புண்டு. சிவப்பு பிளாஸ்டிக் பிடி போட்ட சாதாரணக் கத்தியில் இந்தச் சிக்கல் குறைவு. அதில் பிடி அழுத்திப் பொருத்தியது. கழற்றிப் புதிது போட்டால் கத்தி பழையபடி ஆகிவிடும்.

ஆனால் ஆண்டு முத்திரை இருப்பது அலகில்தான். அலகு போனால் 72 போய்விடும். பிடி போனால் அந்த இரண்டு எழுத்துகள் போய்விடும். பளபளவென்று திரும்பி வரும் கத்தி நன்றாகவே வெட்டும். ஆனால் 1972-இல் தொடங்கிய அந்தக் கத்தி அதற்குள் இருக்காது. தொழிற்சாலைமீது இதில் குறை சொல்வதற்கில்லை. வெட்டாத கத்தியை வெட்ட வைப்பது அவர்கள் வேலை, அதை அவர்கள் ஒழுங்காகவே செய்வார்கள். அந்த வேலை இந்தக் கத்திக்குத் தேவையா என்று முடிவு செய்ய வேண்டியவர் சேகரிப்பவர்.

பழுது என்று நினைப்பதில் பாதி அழுக்காகவே இருக்கும். பையின் பஞ்சும் மண்ணும் காய்ந்த எண்ணெயும் கீலில் அடைந்து, திறக்கும்போது கரகரக்கும். வெதுவெதுப்பான நீரில் வைத்துப் பலமுறை திறந்து மூடி, ஈரம் போகத் துடைத்து, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். மழுங்கிய விளிம்பைச் சாணைக்கல்லில் கையாலேயே மெதுவாகத் தீட்டலாம். மின்சாணையும் மெருகேற்றும் சக்கரமும் பக்கத்திலேயே வரக் கூடாது. அவை முத்திரையைத் தேய்க்கும். சூடேறினால் எஃகின் பதமும் கெடும்.

என் கத்தியைக் கழுவி எண்ணெயிட்டதும் குத்தூசியின் ஆட்டம் கொஞ்சம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. நுனி உடைந்தபடியே இருக்கிறது. இதை நான் அனுப்பப்போவதில்லை. அன்றாடம் பழம் நறுக்கவும் பொதி பிரிக்கவும் வேறு கத்தி இருக்கிறது. அதன் ஸ்பிரிங் உடைந்தால் யோசிக்காமல் அனுப்புவேன்.

உங்களிடமும் அப்படியொரு பழைய கத்தி இருந்தால், பொதி கட்டுவதற்கு முன் கீலருகே உள்ள எழுத்துகளைப் பாருங்கள். எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். எந்தப் பாகத்தை மாற்றுவார்கள், கழற்றிய பாகத்தைத் திருப்பித் தருவார்களா என்று எழுதிக் கேளுங்கள். பொருளிலோ செய்முறையிலோ உள்ள குறைக்குத்தான் உத்தரவாதம், தேய்மானத்துக்கு அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். பதில் கைக்கு வரும்வரை கத்தி வீட்டிலேயே இருக்கட்டும். அனுப்புவதென்று ஆனால், 'என்னைக் கேட்காமல் எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டாம்' என்று ஒரு வரி எழுதிக் கத்தியோடு சேர்த்து அனுப்புங்கள். மாற்றிய அலகைப் பிறகு யாராலும் மீட்டுத் தர முடியாது.